குடிபூராத வீட்டின் விலாசம்

இதில ஆரும் இருக்கினமே தங்கச்சி? இல்லையே? சரி, அப்ப இருக்கிறன். உங்கட நம்பர் என்ன? நூற்றி நாப்பத்தாறோ. எனக்கு நூற்றி நாப்பத்தொன்பது. இப்பதான் நூற்றிப் பன்ரெண்டு ஓடுது. அந்தரப்படாதேங்கோ, உந்த மூண்டாம் ஜன்னல் மனிசி கோப்பி குடிக்கப் போனா அரை மணித்தியாலத்துக்கு ஆளைக் காணக் கிடையாது.

தமிழ் எண்டு எப்பிடிப் பிடிச்சனான் எண்டு பாக்கிறியளே? போனில "பேந்து எடுக்கிறன் அம்மா" எண்டனீங்கள். அது காணும் எனக்கு. ரெண்டு நாளாத் தமிழே கதைக்கேல்லை. பிரெஞ்சும் கதைக்கேல்லை, அது வேற விசயம்.

உந்தப் பத்திரம் விலாசம் மாத்திறதுதானே? எப்ப வீடு மாறினனீங்கள்? மூண்டு கிழமையோ! மூண்டு கிழமையா என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்? கோவிக்காதேங்கோ, நான் கொஞ்சம் சத்தமாத்தான் கதைக்கிறனான். றெஸ்ரோரன்ற் குசினியில பன்ரெண்டு வருசம் கத்திப் பழகின வாய் இது. ஆனா ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. விசா அலுவல் நடக்கேக்க வீடு மாறினா, அடுத்த நாளே வந்து சொல்லிப்போடவேணும். நான் நேற்றுப் பின்னேரம் மாறினனான். இண்டைக்கு விடிய ஏழு மணிக்கு வாசலில வந்து நிண்டனான். ஒரு பெட்டியும் அவிழ்க்கேல்லை. பல்லுத் தீட்டுற பிறஷ் எந்தப் பெட்டிக்குள்ள கிடக்கெண்டே தெரியாது.

போன முறை நான் பிந்திப்போனன். என்ர பிழை இல்லை. எல்லாரும் என்ர பிழை எண்டுதான் சொல்லுகினம், நீங்கள் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. நேரமிருக்குத்தானே.

எனக்குப் பேர் பத்மசீலன். ஊர் அச்சுவேலிப் பக்கம். மனிசி வதனி, ஒரே ஒரு மகள், யதுசா. நான் ஊரைவிட்டு வெளிக்கிடேக்க அவளுக்கு ஆறு வயசு. முன் பல்லு ரெண்டும் விழுந்து, "அப்பா" எண்டா "அஃபா" எண்டு வரும். அந்த வயசிலதான் கடைசியாத் தூக்கினனான்.

எனக்கு இஞ்ச இருக்கிறதுக்குப் பேப்பர் கிடைக்க ஏழு வருசம். பேப்பர் கிடைச்ச உடன எல்லாரும் குடும்பத்தைக் கூப்பிடு, கூப்பிடு எண்டவை. உடன எப்பிடிக் கூப்பிடுறது? ஒரு அறையில நாலு பேர் படுக்கிற இடத்துக்கோ? வீடு வேணும், வீட்டுக்கு இத்தினை சதுர மீற்றர் எண்டு அளவு இருக்கு, சம்பளத் துண்டு வேணும். வீடு ஒரு மாதிரிச் சரிவர, பிள்ளைக்கு ஓ.எல். சோதினை வந்திட்டுது. படிக்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாதெண்டு ஒரு வருசம் பொறுத்தன். பேந்து சாத்திரியார், உனக்கு இப்ப ஏழரைச் சனி, சித்திரை கழியட்டும் எண்டார். சித்திரை கழிய, எனக்கு முதுகு நோ, ரெண்டு மாசம் வேலையில்லை. இப்பிடி ஒண்டு மாறி ஒண்டு வந்தா மனிசன் என்ன செய்யிறது? காரணம் இல்லாமல் ஒருநாளும் நான் பிந்தினதில்லை.

கடைசியா, பிள்ளைக்குப் பதினேழு நடக்கேக்க குடும்பத்தைக் கூப்பிடப் பைலைப் போட்டன். அது காணும். பதினெட்டு ஆகமுதல் போட்டாச் சரி, அதுக்குப் பிறகு அவை எவ்வளவு காலம் இழுத்தாலும் பிள்ளை பிள்ளைதான். பைல் போட்ட திகதிதான் கணக்கு. பதினெட்டுக்குப் பிறகு போட்டா மனிசியை மட்டும்தான் கூப்பிடலாம். பிள்ளை வளந்த ஆள், அவவின்ர பாட்டை அவ பாக்கட்டும் எண்டு அர்த்தம். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கே? இல்லையே. சரி.

அப்ப என்னோட அன்ரன் இருந்தவன். பாசையூர்ப் பெடியன். பெடியன் எண்டு சொன்னாலும் நாப்பத்து நாலு. என்ர குடும்பம் வருமட்டும் மற்ற அறையில இரு எண்டு நான்தான் வைச்சிருந்தனான். ஆறு வருசம் ஒண்டாச் சமைச்சுச் சாப்பிட்டனாங்கள். நான் சமைச்சா அவன் கழுவுவான். மீன் வெட்டுறதில அவனை அடிக்க ஆளில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தா ரசம் வைச்சுத் தருவான், உப்புத்தான் அள்ளிக் கொட்டியிருப்பான். நல்லவன்தான். வாய்தான் கூடாது.

பைல் போட்டு ஆறு மாசத்தில இருக்கிற வீட்டை விட்டு எழும்பவேண்டி வந்திட்டுது. வீட்டுக்காரன் செத்துப்போனான், மகன்காரன் விக்கப்போறன் எண்டிட்டான். மாசியிலயே கடிதம் தந்தவன், சும்மா சொல்லக்கூடாது. ஆனா வீடு தேடுறது லேசான காரியமே? தேடித் தேடிக் கடைசியில ஒரு நல்ல வீடு சரிவந்தது. நாலாம் மாடி, லிப்ற் இருக்கு, ரெண்டு அறை. பிள்ளைக்கு எண்டு ஒரு அறை, ஜன்னலால பாத்தா மரம் தெரியும். எல்லாம் சரி, ஆனா சாவி கையில தந்த நாள் என்ன தெரியுமே? யூலை இருபது. ஆடி நாலு!

சிரிக்காதேங்கோ. உங்கட வீட்டில ஆடியில குடிபூருவினமே? அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ, சொல்லுவா. எனக்கோ பழைய வீட்டில நிக்க வழியில்லை. மகன்காரன் என்ர அறைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் விட்டிட்டான். அன்ரன்ர அறையை மட்டும் ஓகஸ்ற் முடியுமட்டும் விட்டவன். அதால நான் சாமானெல்லாம் கொண்டுபோய்ப் புது வீட்டில இறக்கினன். நிலத்தில பாய் போட்டு நானும் அங்கதான் படுத்தன். ஆனா குடிபூரேல்லை. விளங்குதே? படுக்கிறது வேற, குடிபூருறது வேற. சாமிப்படம் வைக்கேல்லை, பால் காய்ச்சேல்லை, அடுப்பை ஒருக்காலும் மூட்டேல்லை. வேலை இடத்தில சாப்பிட்டிட்டு வந்து சரியிறது, அவ்வளவுதான். ஆவணி பிறக்க, ஐயரிட்ட நாள் கேட்டு, பால் காய்ச்சி, அதுக்குப் பிறகு முறையா விலாசத்தை மாத்துவம் எண்டு இருந்தன். ஒரு மாசம்தானே.

பத்திரம் நிரப்பாமல் விடேல்லை. கொம்பியூட்டரில எல்லாம் நிரப்பினனான். பேர் போட்டாச்சு, பைல் நம்பர் போட்டாச்சு, புது விலாசம் போட்டாச்சு. கடைசியில ஒரு கேள்வி வந்து நிண்டது. இந்த வீட்டில எந்தத் திகதியிலயிருந்து வசிக்கிறீர்? நான் என்னத்தை எழுதுறது, நீங்களே சொல்லுங்கோ. ஆடி நாலு எண்டு எழுதுறதே? பிள்ளையின்ர வாழ்க்கைக்கு ஆடித் திகதி போடுறதே? பன்ரெண்டு வருசத்துக்குப் பிறகு தாயும் மகளும் வந்து ஏறப்போற வீடு! ஆவணித் திகதியைப் போட்டா அது இன்னும் வராத நாள், மெசின் எடுக்காதெண்டிட்டுது. சிவப்பில எழுதிக் காட்டுது. சரி, ஆவணி வரட்டும் எண்டு அனுப்பாமல் பூட்டிப்போட்டன்.

அன்ரன் அதைப் பாத்திட்டான். நான் பழைய வீட்டில கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிக்கிறன், அவன் என்ர பின்னால வந்து நிண்டு, "மச்சான், உனக்கென்ன விசரே? அஞ்சு நிமிச வேலை, திகதியைப் போட்டு அனுப்பு" எண்டான்.

"உனக்கு உது விளங்காது. நீ வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன்" எண்டன்.

"வேதக்காரனுக்கு ஆடி இல்லாட்டிலும் தபால்காரன் இருக்கிறான்தானே? தபால்காரனுக்கு என்னடா ஆடி? கடிதம் இஞ்சயல்லோ வரப்போகுது."

"வந்தா வரட்டும். ஒரு மாசத்துக்குள்ள என்னத்தை வந்து கிழிக்கப்போகுது" எண்டன்.

அப்ப அவன் ஒரு கதை சொன்னான் தங்கச்சி.  "சீலன், உனக்கு ஆடியும் இல்லை சனியும் இல்லை. அவையள் வந்திடுவினமோ எண்டு உனக்குப் பயம். அதுதான் ஒவ்வொரு சாட்டாத் தேடுறாய்" எண்டான்.

கேட்டியளே கதையை! எனக்குப் பயமாம். என்ர மனிசி, என்ர பிள்ளை, எனக்கென்ன பயம்? பிள்ளையோட கதைக்கேக்க சிலநேரம் என்ன கதைக்கிறதெண்டு தெரியாதுதான். சாப்பிட்டியே, படிச்சியே எண்டு கேட்டா முடிஞ்சுது. அது எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். அவ இப்ப சீலை உடுத்தித் தாயளவுக்கு நிக்கிறா, படத்தைப் பாத்தா எனக்கே ஆரோ எண்டு கிடக்கும். நான் அவைக்கு அனுப்பிறதெல்லாம் பழைய படம்தான், தலைமயிர் இருக்கிற படம். அது பயமே? அது ஒரு கூச்சம். ஆறு வருசம் என்ர கையால சாப்பிட்டவன் என்னைப் பாத்து அப்பிடிக் கேக்கலாமே? பழைய வீட்டுச் சாவியை மேசையில எறிஞ்சுபோட்டு வெளிக்கிட்டன். புது விலாசத்தை அவனுக்கும் சொல்லேல்லை. பால் காய்ச்சமுதல் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு இருந்தனான், அவனுக்கெண்டா பால் காய்ச்சினாப் பிறகும் சொல்லுறேல்லை எண்டு முடிவெடுத்தன்.

அவன் போன் எடுத்தவன். முதல் கிழமையே ரெண்டு தரம். நான் எடுக்கேல்லை. மன்னிப்புக் கேக்கத்தான் எடுக்கிறான், கொஞ்ச நாள் கிடந்து வேகட்டும் எண்டு விட்டன். பேந்து ஓகஸ்ற் அஞ்சாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி. எனக்கு லீவு. நிலத்தில படுத்துக்கொண்டு முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். அடிக்குது. அவன். கட் பண்ணினன். திரும்ப அடிக்குது. கட் பண்ணினன். நாலு தரம் அடிச்சவன், நாலு தரமும் கட் பண்ணினன். எனக்கு அப்ப எப்பிடி இருந்தது தெரியுமே? மனசுக்குள்ள ஒரு சந்தோசம். மெய்யாச் சொல்லுறன், பாருங்கோ, நான் வேணும் உனக்கு எண்டு ஒரு சந்தோசம். வொய்ஸ் மெசேஜும் போட்டவன். நான் கேக்கேல்லை. அவன்ர குரலைக் கேக்கிறேல்லை எண்டு இருந்தனான்.

நூற்றி இருபத்தெட்டு. உங்களை இல்லை, இருங்கோ.

அந்த நாளையில வதனி ஒருக்கா, "இஞ்சருங்கோ, புது விலாசத்தைக் குடுத்திட்டியள்தானே?" எண்டு கேட்டவ. குடுத்தாச்சு எண்டன். அது பொய் இல்லை. நிரப்பிக் கிடக்குத்தானே, பட்டனை அமத்தினாச் சரி.

ஆவணி பன்ரெண்டு நல்ல நாள் எண்டு ஐயர் சொன்னார். அதுக்கு முதல் நாள் லாச்சப்பல் தமிழ்க் கடையளுக்குப் போனன், பால் காய்ச்சப் புதுப் பானை ஒண்டு வாங்க. வழமையா நாங்கள் சாமான் வாங்கிற கடை. கடைக்கார அண்ணை என்னைக் கண்ட உடன, "எங்கயடாப்பா போய்த் துலைஞ்சனீ? அன்ரன் உனக்கெண்டு தந்திட்டுப் போய் ரெண்டு கிழமை" எண்டு லாச்சியைத் திறந்து ரெண்டு கடிதம் எடுத்துத் தந்தார். ரெண்டிலயும் அலுவலகத்தின்ர முத்திரை. உடைக்கேல்லை. அன்ரன் மற்றவன்ர கடிதத்தை உடைக்கிறவன் இல்லை.

முதல் கடிதம், ஓகஸ்ற் அஞ்சு காலமை பத்து மணிக்கு வீடு பாக்க வாறம், வீட்டில நில்லும் எண்டு. ரெண்டாவது, வந்தனாங்கள், நீர் அங்க வசிக்கேல்லை, பதினைஞ்சு நாளுக்குள்ள சரியான விலாசத்தை எழுத்தில தராட்டி பைலை மூடுவம் எண்டு. நான் நாளை எண்ணிப் பாத்தன். இருபதாம் நாள். பானையை அங்கயே வைச்சிட்டு வெளியில வந்திட்டன்.

ரோட்டில நிண்டுதான் அந்த மெசேஜைக் கேட்டனான். பதினொரு செக்கன். "மச்சான், வீடு பாக்க ஒரு பொம்பிளை வந்து வாசலில நிக்கிறா. நான் மறிச்சு வைச்சிருக்கிறன். விலாசத்தை மட்டும் சொல்லு, அதைச் சொல்லிவிடுறன், கெதியா எடு." பின்னால அந்தப் பொம்பிளை பிரெஞ்சில ஏதோ கேக்கிறதும் கேக்குது. நல்ல அமைதியான குரல். நிப்பா போலத்தான் இருந்தது.

அவன் நேர வந்து சொல்லியிருக்கலாம்தானே? சரி, விலாசம் தெரியாது. எண்டாலும் நான் வேலை செய்யிற இடம் தெரியும்தானே? வந்தவனாம். நான் குசினிக்குள்ள நிண்டு, இல்லையெண்டு சொல்லச் சொல்லிப்போட்டன். அது எதுக்கு வந்தவனெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? பேந்து நான் எடுத்தனான், ரெண்டு மூண்டு தரம் எடுத்தனான். அந்த நம்பர் இப்ப வேலை செய்யேல்லை. துலூஸ் பக்கம் போயிட்டான் எண்டு ஆரோ சொன்னவை, இன்னொருத்தர் சுவிஸ் எண்டார். போறவன் ஒரு விலாசம் தந்திட்டுப் போறேல்லையே.

அடுத்த திங்கள் வந்து இதே மூண்டாம் ஜன்னலில நிண்டன். அந்த மனிசி நல்லவ, சும்மா சொல்லக்கூடாது. கொம்பியூட்டரை ரெண்டு தரம் தட்டிப் பாத்தவ. பைல் மூடியாச்சு மிஸ்யூ, திரும்பப் புதிசாப் போடலாம் எண்டா. நான் ஆடி மாசத்தைப் பற்றி விளங்கப்படுத்தினன். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில, கூடாத மாசம், பால், அடுப்பு எண்டெல்லாம் சொன்னன். அவ வடிவாக் கேட்டுப்போட்டு, "வீட்டில அடுப்பு வேலை செய்யேல்லையோ?" எண்டு கேட்டா.

புதிசாப் போடுறதெண்டா எல்லாம் புதிசா வேணும். ஊரிலயிருந்து புதிசா எடுத்த பிறப்புப் பதிவு, அதின்ர மொழிபெயர்ப்பு, புதுச் சம்பளத் துண்டு, புது வீட்டுப் பத்திரம். ஓடி ஓடிச் செய்தன் தங்கச்சி. என்ர வாழ்க்கையில அப்பிடி ஓடினதில்லை. எல்லாம் ஒண்டாக் கையில சேர ஒக்ரோபர் ரெண்டாம் திகதி. பிள்ளைக்குச் செப்ரெம்பர் பன்ரெண்டு பதினெட்டு. இருபது நாள். வெறும் இருபது நாள்.

வதனிக்குப் போனில சொன்னன். அழுவா எண்டு நினைச்சன். கத்துவா எண்டு நினைச்சன்.  அவ, "சரி, நீங்கள் சாப்பிட்டியளே?" எண்டு கேட்டா. ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும். "நீர் மட்டும் வாரும், பிள்ளைக்குப் பேந்து வேற வழி பாப்பம்" எண்டு சொல்லிப் பாத்தன். "குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி வாறது? நீங்கள் இவ்வளவு காலமும் தனிய இருந்து பழகினனீங்கள்தானே" எண்டா. குத்திச் சொல்லேல்லை, அவ அப்பிடிச் சொல்லுற ஆளில்லை. உள்ளதைத்தான் சொன்னவ.

ஆக்கள் வராத வீட்டில ரெண்டு அறையை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? அந்த மரத்தைப் பாக்கவும் எனக்கு ஏலாமல் போச்சு. விட்டிட்டன். நேற்று ஒரு சின்ன அறைக்கு வந்திட்டன். கட்டில் போட்டாக் கதவு பாதிதான் திறக்கும், எனக்கது காணும். ஐயருமில்லை, நாளுமில்லை. மார்கழி எண்டது பெட்டியெல்லாம் ஏத்தின பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேற்றுப் பெட்டியளுக்கு நடுவில இருக்கேக்க போன் அடிச்சது. வதனி எண்டு எடுத்தா, யதுசா. அவளா எடுக்கிறது குறைவு. செப்ரெம்பருக்குப் பிறகு என்னோட கதைச்சதே இல்லை, தாய் போனைக் குடுத்தாலும் படிக்கிறன் எண்டு போயிடுவாள்.  "என்ன பிள்ளை, சாப்பிட்டியே?" எண்டன்.

"அப்பா, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்" எண்டாள். "நாங்கள் அங்க வாறது உங்களுக்கு விருப்பமா இருந்ததே?"

என்ன கேள்வி தங்கச்சி இது? தகப்பனைப் பாத்துக் கேக்கிற கேள்வியே?  பிள்ளை பிழையா விளங்கி வைச்சிருக்கெண்டு, நான் முதலிலயிருந்து எல்லாத்தையும் சொன்னன். சோதினைக்காகப் பொறுத்ததைச் சொன்னன். சனியைச் சொன்னன், முதுகு நோவைச் சொன்னன். ஆடியைச் சொன்னன். அன்ரன் என்ன கதை கதைச்சவன், நான் ஏன் போன் எடுக்கேல்லை எல்லாம் சொன்னன். இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான், ஒண்டும் ஒளிக்காமல். அரை மணித்தியாலம் இருக்கும். அவள் குறுக்க ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.  லைன் கட்டாகிட்டுதோ எண்டு, "பிள்ளை, இருக்கிறியே?" எண்டன்.

"இருக்கிறன் அப்பா" எண்டாள். "நான் ஓமோ இல்லையோ எண்டுதான் கேட்டனான்."

ஓம் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான் தங்கச்சி. உண்ணாணச் சொல்லுறன். எச்சிலை விழுங்கிப்போட்டுச் சொல்லுவம் எண்டு ஒரு கணம்தான் நிண்டனான், அதுக்கிடையில அவள் வைச்சிட்டாள்.